ஒரு ஹவில்தாரின் பதினைந்து ஆண்டுகள்: குமரி மாவட்டத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

எழுதும் காரணமும் எல்லையும்

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியைச் சேர்ந்தவரும் அப்போது தரைப்படையில் ஹவில்தாராகப் பணிபுரிந்தவருமான ஒருவருக்கு 2023 ஏப்ரலிலிருந்து 2024 இறுதி வரை நேர்ந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். எழுதியதை அவர் இருமுறை படித்து நான்கு இடங்களில் திருத்தினார். ஊர், ரெஜிமெண்ட், யூனிட் இருந்த இடம் ஆகியவற்றைச் சொல்லவில்லை. அடையாளம் காட்டக்கூடிய சில சிறு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நான் தரைப்படையின் எழுத்தர் பிரிவில் 28 ஆண்டுகள் இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன். தக்கலை வட்டாரத்துப் பட்டாளக் குடும்பங்களுக்கு ஓய்வூதிய விண்ணப்பங்களும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கான மனுக்களும் எழுதிக் கொடுத்து வருகிறேன். அந்த வழியில்தான் இந்தக் குடும்பமும் என்னிடம் வந்தது. நான் மருத்துவரும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. படைச் சட்டத்தின் தாள்களோடு வாழ்நாளைக் கழித்தவன் என்ற அளவில்தான் இதில் எனக்குப் பங்கு.

தன்பாலீர்ப்பு கொண்டவர்கள் படையில் வெளிப்படையாகப் பணிபுரியலாமா என்று நம் ஊரில் பேச்சு எழும்போதெல்லாம், அவர்கள் இனிமேல்தான் வாசலுக்கு வரப்போகிறார்கள் என்பது போலப் பேசுகிறோம். இந்த மனிதர் அப்போதே பதினான்கு ஆண்டுகளாக உள்ளே இருந்தார்.

பின்னணி

அவர் 2009இல், பத்தொன்பது வயதில், ஆட்சேர்ப்பு முகாமில் ஓடித் தேர்வானவர். தந்தை ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளி. மகன் சேர்ந்த நான்காம் ஆண்டில் காலமானார். தங்கையின் திருமணக் கடனும் வீட்டுக்குக் கான்கிரீட் போட்ட செலவும் தாயாரின் மருந்தும் அந்த ஒரு சம்பளத்தில் நடந்தன. 1741இல் டச்சுக்காரரைத் திருவிதாங்கூர்ப் படை கொளச்சலில் தோற்கடித்ததன் நினைவுத் தூணுக்கு இன்றும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மரியாதை செலுத்தும் மாவட்டம் இது. அந்தப் போரில் பிடிபட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படையையே பயிற்றுவித்த டி லனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருப்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். இப்படிப்பட்ட மண்ணில் ஒரு வீட்டைப் பற்றி ‘பட்டாளத்திலிருந்து திருப்பி அனுப்பிட்டாங்க’ என்ற பேச்சு கிளம்பினால், அது அடுத்த தலைமுறையின் கல்யாணப் பேச்சு வரை தொடரும்.

அவருடைய பணிப்பதிவில் தண்டனையைக் குறிக்கும் சிவப்பு மைக் குறிப்பு ஒன்றுகூட இல்லை. ஆயுதப் பயிற்சியில் தேர்ந்த பயிற்றுநராக இருந்தார். தன் ஈர்ப்பு ஆண்களை நோக்கியது என்பதை மேல்நிலைப் பள்ளிக் காலத்திலேயே அறிந்திருந்தார். படையில் இருந்த இத்தனை ஆண்டுகளில் யூனிட்டில் எவரோடும் தமக்கு எந்த உறவும் இருந்ததில்லை என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். எழுதிவிட்டேன். திருமணமான எந்த ஹவில்தாரிடமும் இப்படி ஓர் உறுதிமொழியை யாரும் எதிர்பார்ப்பதில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

2020 ஜூலையில் தரைப்படை தன் வீரர்களிடம் 89 செயலிகளைக் கைபேசியிலிருந்து நீக்கும்படி உத்தரவிட்டது. முகநூல், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றோடு துணை தேடும் செயலிகள் பலவும் அந்தப் பட்டியலில் இருந்தன. அவரும் நீக்கினார். 2023 ஏப்ரலில் ஆண்டு விடுப்பில் வந்தபோது, வேறொரு கைபேசியில் அப்படியான செயலி ஒன்றை மீண்டும் பதிவிறக்கினார். அதன் வழியே அறிமுகமான ஓர் ஆளை நாகர்கோவிலில் ஒரு வாடகை வீட்டில் சந்தித்தார். அங்கே அவருக்குத் தெரியாமல் படம் எடுக்கப்பட்டது. விடுப்பு முடிந்து ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் ஏறி இரண்டாம் நாள், ரயிலிலேயே, முதல் படமும் முதல் மிரட்டலும் வந்தன. ஐயாயிரம் ரூபாயில் தொடங்கியது.

கவனித்தவை

2023 செப்டம்பர் இறுதியில் முப்பது நாள் விடுப்பில் மகன் வந்திருந்தபோது, தாயார் என்னைத் தேடி வந்தார். “சாரே, இவன் ராத்திரி முழுக்க உறங்க மாட்டேங்கான். ஃபோன் சத்தம் கேட்டா நடுங்குகான். பட்டாளத்துல ஏதோ நடந்திருக்கு, எங்கிட்ட சொல்ல மாட்டேங்கான்” என்றார். அக்டோபரில் மகனுக்கு ஒரு பெண்ணை நிச்சயம் செய்ய ஏற்பாடாகியிருந்ததையும், அதற்கு முன் மூன்று இடங்களை அவர் ஏதேதோ காரணம் சொல்லித் தட்டிக் கழித்ததையும் அப்போது சொன்னார்.

நான் பார்க்கச் சென்றபோது அவர் மெலிந்திருந்தார். முதல் இரண்டு சந்திப்புகளில் பணக் கஷ்டம் என்று மட்டும் சொன்னார். வங்கிக் கணக்கை என்னிடம் காட்டியபோது, ஐந்து மாதங்களில் 1,85,000 ரூபாய் ஒரே யு.பி.ஐ. முகவரிக்குப் போயிருந்தது. அதில் ஒரு லட்சம், வீட்டுப் பழுதுபார்ப்புக்கு என்று எழுதிக் கொடுத்துப் படைவீரர் வருங்கால வைப்பு நிதியிலிருந்து எடுத்தது. அவருடைய படைக் கம்பெனியின் எழுத்தர் அதைப் பற்றி இருமுறை விசாரித்திருக்கிறார். ஓர் எழுத்தராக எனக்குத் தெரியும், இப்படிப்பட்ட விசாரணை மூன்றாம் முறையில் மேலே போகும்.

மூன்றாம் சந்திப்பில்தான் முழுவதையும் சொன்னார். அப்போது நான் கேட்ட முதல் கேள்வி, “யூனிட்ல யாராவது உண்டா?” என்பது. அவர் நெஞ்சில் இருந்த பயம் எதுவோ அதையே நானும் கேள்வியாக்கினேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன். அதன் பிறகுதான், கேட்க வேண்டியதைக் கேட்டேன்: உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று. காவல் பணியில் துப்பாக்கியோடு தனியாக நின்ற இரண்டு இரவுகளில் வந்தது என்றார். வெளிப்படைத்தன்மை ஒழுங்கைக் கெடுக்கும் என்று வாதிடுகிறவர்கள் இந்த வாக்கியத்தை ஒருமுறை நின்று படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எல்லையில், நிரப்பிய ஆயுதத்தோடு, மிரட்டலுக்கு ஆட்பட்ட ஒரு வீரர் நின்றிருக்கிறார். அது அவருடைய மேலதிகாரிகளில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

சட்டம் எங்கே நின்றது

அன்றிரவு என்னிடமிருந்த ராணுவச் சட்ட நூலை எடுத்து இருவரும் படித்தோம். 2018 செப்டம்பர் 6 அன்று, நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வயது வந்தவர்கள் மனமொத்துத் தனிமையில் கொள்ளும் உறவு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின்படி குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டத்தைத் தொடவில்லை. அச்சட்டத்தின் 46ஆம் பிரிவு, கொடூரமான, ஆபாசமான அல்லது ‘இயற்கைக்கு மாறான’ இழிநடத்தைக்கு ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை சொல்கிறது. 63ஆம் பிரிவு, நல்லொழுங்குக்குக் கேடான எந்தச் செயலையும் குற்றமாக்குகிறது. படையினரின் அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் குறைக்கலாம் என்பதற்கு அரசமைப்புச் சட்டத்தின் 33ஆம் பிரிவு இடம் தருகிறது.

அவர் நிலையில் இருப்பவருக்கு இன்னொன்றும் உண்டு. ஹவில்தார் வரையிலான பதவிகளில் இருப்பவர்களைக் கமாண்டிங் அதிகாரி ஒருவரே சுருக்க ராணுவ நீதிமன்றமாக அமர்ந்து விசாரிக்கலாம். அவர் லெப்டினன்ட் கர்னலோ அதற்கு மேலோ ஆனால் ஓராண்டு வரை சிறை விதிக்கலாம். பதவி நீக்கமும் செய்யலாம். பதவி நீக்கப்பட்டவருக்கு ஓய்வூதியம் இல்லை. வீரர்களுக்கு ஓய்வூதியம் கிடைக்கப் பதினைந்து ஆண்டுப் பணி வேண்டும். அவருக்கு அப்போது ஓராண்டு குறைவாக இருந்தது. ஹவில்தாருக்கு அடுத்த பதவியான நாயிப் சுபேதாராக உயர்ந்தாலோ 45ஆம் பிரிவும் வந்து சேரும்; பதவிக்குத் தகாத நடத்தை என்று சொல்லி ஓர் இளநிலை அதிகாரியை நீக்க அது வழிசெய்கிறது. உயர உயர ஆபத்தும் கூடுகிறது என்பதை அவர் எனக்கு முன்பே கண்டிருந்தார்.

2019 ஜனவரி 10 அன்று, அப்போதைய தரைப்படைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், படை பழைமைப் போக்குடையது, இதை உள்ளே அனுமதிக்க மாட்டோம் என்ற பொருளில் செய்தியாளர்களிடம் பேசினார். அன்று மாலை அதை லங்கரின் (வீரர்களின் உணவுக்கூடம்) தொலைக்காட்சியில் கேட்டவர்களில் இவரும் ஒருவர். நீதிமன்றத்தின் தீர்ப்பைவிட அந்த மாலையே தமக்குச் சட்டமாக இருந்தது என்றார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பணம் கொடுப்பதை நிறுத்துவதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. கொடுத்த ஒவ்வொரு தொகையும் அடுத்த மிரட்டலைப் பெரிதாக்கியிருந்தது. காவல் துறைக்குப் போவதில் அவருக்குத் தயக்கம் இருந்தது. புகார் கொடுத்தால் வழக்கு வரும், சாட்சிச் சம்மன் யூனிட் வழியாக வரும், செயலி வைத்திருந்ததே உத்தரவை மீறிய குற்றமாகும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் பிழை இல்லை. ஆனாலும் மிரட்டிப் பணம் பறித்தலும் அந்தரங்கப் படத்தைப் பரப்புவதாக அச்சுறுத்தலும் அவருக்கு இழைக்கப்பட்ட குற்றங்கள்; புகாரில் தம் ஈர்ப்பைப் பற்றி ஒரு சொல்கூட எழுத அவருக்குக் கடமை இல்லை. 2022 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு காவலர் நடத்தை விதிகளைத் திருத்தி, பால்புதுமையரையும் (தன்பாலீர்ப்பினர், திருநர் முதலியோர்) அவர்களுக்காக வருபவர்களையும் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்று சேர்த்திருப்பதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டோம். அதைக் காட்ட வேண்டிய தேவை வரவில்லை. ஆனால் அந்தத் தாள் பையில் இருந்ததால்தான் அவர் காவல் நிலையப் படியேறினார்.

இணையக் குற்ற உதவி எண் 1930ஐ முதல் நாளே அழைத்திருக்க வேண்டும். நான் ஆலோசித்து இரண்டு நாட்களை வீணாக்கினேன். அதற்குள் மிரட்டியவன் மேலும் ஒரு தொகை வாங்கிவிட்டான். அழைத்ததற்கு முந்தைய நாள் போன 20,000 ரூபாய் மட்டும் வங்கியில் முடக்கப்பட்டது.

நிச்சயதார்த்தத்தை நிறுத்தும் முடிவு அவருடையது. அதில் என் கருத்தைக் கேட்டார். மறைப்பதற்காக ஒரு பெண்ணின் வாழ்வை எடுத்துக்கொள்ளக் கூடாது என்றேன். அவர் தாயாரிடம் தாமே சொன்னார். அந்த அம்மா இரண்டு நாள் எவரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் வந்து, “பென்சன் கிட்டுமா சாரே?” என்று மட்டும் கேட்டார். அப்போது அந்தக் கேள்வி என்னை உறுத்தியது. கணவனை இழந்து ஒரே சம்பளத்தில் குடும்பத்தை ஓட்டிய ஒரு பெண், மகன் சொன்னதை ஏற்றுக்கொண்டு அடுத்த வேலையைக் கவனிக்கத் தொடங்கிவிட்டார் என்பதைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். பெண் வீட்டாரிடம் போய்த் திருமணத்தை நிறுத்தியதும் அவரே.

தங்கையின் கணவர் மட்டும், திருநெல்வேலிப் பக்கம் ஒரு மனநல ஆலோசகர் இதை ‘மாற்றிக் கொடுப்பார்’ என்று பிடிவாதமாக நின்றார். தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து உலக சுகாதார நிறுவனம் 1990லேயே நீக்கிவிட்டது, 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய ‘மாற்று சிகிச்சை’யைத் தடை செய்யச் சொன்னது, 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைக் குற்றமாக அறிவித்தது. இவை எதுவும் அவரை அசைக்கவில்லை. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இது பற்றிப் போதிய புரிதல் இல்லை என்று ஒப்புக்கொண்டு, ஒரு உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டார் என்று சொன்னபோதுதான் அவர் வாதத்தை நிறுத்தினார். என்னையும் அந்தச் செய்தியே மாற்றியது. 28 ஆண்டுகள் படையில் இருந்தவன் நான். அவ்வளவு காலமும் என் அருகில் இப்படி எத்தனை பேர் வாய் மூடி இருந்திருப்பார்கள் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

இனி, எங்களுக்குள் கடும் கருத்து வேறுபாடு எழுந்த இடம். மிரட்டியவன் படத்தை யூனிட்டுக்கு அனுப்பும் முன், கமாண்டிங் அதிகாரியிடம் தாமே சொல்லிவிடுவதா? வேண்டாம் என்றேன். 46ஆம் பிரிவையும் சுருக்க நீதிமன்றத்தையும் காட்டினேன். ஓராண்டு அமைதியாக ஓட்டிவிட்டால் ஓய்வூதியம் உறுதி. அதுவரை படம் வெளிவராது என்று நம்புவோம் என்றேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “இப்ப எனக்குக் கமாண்டர் அவன்தான் சாப். அவன் சொல்லுக நேரத்துக்கு எந்திக்கேன், அவன் சொல்லுக இடத்துக்குப் பணம் போடுகேன். நாளைக்குப் பணத்துக்குப் பதிலா வேற ஏதாவது கேட்டா?”

படை ரகசியம் கேட்டால் என்ன செய்வது என்பதே அவர் சொல்லாமல் விட்டது. என்னிடம் பதில் இல்லை. தன்பாலீர்ப்பு கொண்டவர்கள் எளிதில் மிரட்டப்படுவார்கள், அதனால் படைக்கு ஆகாது என்பது உலகெங்கும் சொல்லப்பட்ட பழைய காரணம். அந்த மிரட்டலுக்குக் கூர்மை தருவது மறைத்தாக வேண்டும் என்ற விதியே என்பதை ஒரு ஹவில்தார் மூன்று வாக்கியங்களில் எனக்குக் காட்டினார்.

அதே வாரத்தில், அக்டோபர் 17 அன்று, தன்பால் இணையரின் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தர உச்ச நீதிமன்றம் மறுத்த செய்தி அவர் வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடியது. பக்கத்து வீட்டார் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். தாயார் எழுந்து போய்த் தொலைக்காட்சியை நிறுத்தினார். விடுப்பு முடிந்து புறப்படும்போது, சொல்லிவிடுவது என்ற முடிவோடு அவர் ரயில் ஏறினார்.

நடந்தவை

காவல் துறையில் புகாரை எழுத்தர் முதலில் ‘பணத் தகராறு’ என்று எழுதப் பார்த்தார்; ஆய்வாளர் படித்துவிட்டு, இந்தியத் தண்டனைச் சட்டத்தின், மிரட்டிப் பணம் பறித்தலுக்கான 384ஆம் பிரிவிலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின், அந்தரங்கத்தை மீறிப் படமெடுப்பதற்கான 66இ பிரிவிலும் வழக்குப் பதிந்தார். மூன்று வாரங்களில் ஒருவன் கைதானான். அவனுடைய கைபேசியில் வேறு பலரின் படங்களும் இருந்தன. அவர்களில் ஒருவரும் புகார் கொடுக்க முன்வரவில்லை.

யூனிட்டில், கமாண்டிங் அதிகாரியைத் தனியே சந்திக்க அனுமதி கேட்பதே ஒரு தடையோட்டமாக இருந்தது. செக்‌ஷனிலிருந்து சுபேதார் மேஜர் வரை ஒவ்வொரு படியிலும் காரணம் கேட்டார்கள். ‘சொந்த விஷயம்’ என்ற ஒரே பதிலில் அவர் உறுதியாக நின்றார். நவம்பர் முதல் வாரத்தில் சந்திப்பு நடந்தது. சுமார் இருபது நிமிடங்கள். அதிகாரி மூன்று கேள்விகள் கேட்டதாக அவர் சொன்னார்: படை சார்ந்த எந்தத் தகவலையாவது கொடுத்தாயா, யூனிட்டில் எவருக்காவது இதில் தொடர்பு உண்டா, உன் மனநிலை எப்படி இருக்கிறது. செயலி வைத்திருந்ததற்குக் கடுமையாகக் கண்டித்தார், வாய்மொழியோடு நிறுத்திக்கொண்டார். மற்றதைப் பற்றி, இதை எப்படிக் கையாள வேண்டும் என்று தமக்கு எழுத்தில் எந்த வழிகாட்டுதலும் இல்லை, ஆகவே தாமும் எதையும் எழுதப் போவதில்லை என்றார்.

அந்த அதிகாரி நல்லவர். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் தந்த பாதுகாப்பு, எழுதாமல் விட்டதால் கிடைத்த பாதுகாப்பு. எழுதப்படாதது அவரோடு மாற்றலாகிப் போகும்.

தூக்கமின்மைக்காகவும் பதற்றத்துக்காகவும் அவர் மருத்துவரிடம் அனுப்பப்பட்டு, மனநல மருத்துவரின் பரிந்துரைப்படி தற்காலிகமாகக் குறைந்த மருத்துவ வகையில் 24 வாரங்கள் வைக்கப்பட்டார். மருத்துவ முறையில் அது சரியான முடிவு. ஆயுதக் காவலிலிருந்து அவரை விலக்கியதும் சரி. ஆனால் மருத்துவ வகை குறைந்தால் பதவி உயர்வு நிற்கும். மிரட்டியவனால் வந்த பதற்றம், பணிப்பதிவில் இவருடைய மனநிலைக் குறையாகப் பதிந்தது.

எப்படியோ விஷயம் கசிந்தது. பாரக்கில் இரண்டு பேர் தங்கள் படுக்கையை மாற்றித் தரும்படி கேட்டார்கள். கம்பெனியின் மூத்த சுபேதார், காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், மாற்றித் தருகிறேன் என்றார். இருவரும் எழுதவில்லை. ஒரு வாரத்தில் அந்தப் பேச்சு அடங்கியது. லங்கரில் சிலர் அவரோடு அமர்வதைத் தவிர்த்தார்கள். அவரிடம் துப்பாக்கிப் பயிற்சி பெற்ற இளைஞர்கள் முன்போலவே வந்து அமர்ந்தார்கள். ஹவில்தாருக்குக் கீழ்ப் பதவியான நாயக் நிலையில் இருந்த ஒருவர் மட்டும், தம் ஊரில் தம் தம்பியும் இப்படித்தான் என்று ஒரு நாள் கேட்காமலே சொல்லிவிட்டுப் போனார். பாரக்கின் ஒற்றுமை குலைந்துவிடும் என்ற அச்சம், ஒரு பாரக்கில், இந்த அளவில்தான் நிகழ்ந்தது.

இதை ஒரே ஒரு நிகழ்வு என்று தள்ளலாம். ஆனால் பெரிய படைகளின் அனுபவமும் இதுதான். தன்பாலீர்ப்பு கொண்டவர்கள் படையில் பணிபுரிவதற்கான தடையை நெதர்லாந்து 1974இலேயே நீக்கியது. கனடாவும் ஆஸ்திரேலியாவும் 1992இல் நீக்கின. பிரிட்டனில், வீரர்களின் அந்தரங்கத்தைத் துருவி விசாரித்து வெளியேற்றியது மனித உரிமை மீறல் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1999 செப்டம்பரில் சொன்ன பிறகு, 2000 ஜனவரியில் தடை விலகியது. 2023 ஜூலையில் அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அமெரிக்காவில் ‘நீ சொல்லாதே, நாங்கள் கேட்க மாட்டோம்’ என்ற ஏற்பாடு 2011 செப்டம்பரில் முடிவதற்குள் 13,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டிருந்தனர். அந்த ஏற்பாட்டின் பொருளை நான் இவருடைய நவம்பர் சந்திப்பில்தான் புரிந்துகொண்டேன்: கேட்காமல் இருப்பது கருணைபோலத் தோன்றும், ஆனால் சொல்ல முடியாதவனின் கழுத்தில் கயிறு அப்படியே இருக்கும்.

2024 மே மாதத்தில் அவருக்கு முழு மருத்துவத் தகுதி திரும்பியது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377ஆம் பிரிவே இல்லை. ராணுவச் சட்டத்தில் ‘இயற்கைக்கு மாறான’ என்ற அந்தப் பழைய சொல் அப்படியே இருந்தது. அதே ஜூலையில் கமாண்டிங் அதிகாரி மாற்றலானார். புதியவர் இவரிடம் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனால் முன்னவர் சொன்னது அவரைக் கட்டுப்படுத்தாது என்பதை இவர் அறிந்திருந்தார். நாயிப் சுபேதார் பட்டியலில் பெயர் வருவதற்கான வாய்ப்பு மீண்டும் திறந்திருந்த நேரம் அது. பதினைந்து ஆண்டு நிறைந்த மறுமாதமே, ஓய்வூதியத்தோடு விலக விண்ணப்பித்தார்.

எது மாற வேண்டும்

என் பங்கில், மௌனமாக இரு என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஓய்வூதியத்தைக் காப்பாற்றும் எழுத்தரின் புத்தியோடு அதைச் சொன்னேன். அவர் அதைக் கேட்டிருந்தால் அந்தக் குளிர்காலத்தையும் மிரட்டியவனின் பிடியின் கீழ், துப்பாக்கியோடு தனியாகக் கழித்திருப்பார். ஆனால் அடுத்து வருகிறவரிடம் ‘போய்ச் சொல்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவும் எனக்குத் துணிவில்லை. அடுத்த அதிகாரி எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. ஒரு மனிதரின் பதினான்கு ஆண்டு உழைப்பு, கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் குணத்தைப் பொறுத்திருக்கக் கூடாது. ஆகவே படைத் தலைமையின் எழுத்துமூல உத்தரவு வேண்டும். ஒருவருடைய ஈர்ப்பு மட்டுமோ, பணிக்கு வெளியே மனமொத்த வயதுவந்தவரோடு கொண்ட உறவு மட்டுமோ 45, 46, 63 ஆகிய பிரிவுகளின் கீழ்க் குற்றமாகாது என்று அது சொல்ல வேண்டும். யூனிட்டுக்குள் ஒருவரை ஒருவர் தொல்லை செய்வதும் பதவியைப் பயன்படுத்தி வற்புறுத்துவதும் ஆண் பெண் வேறுபாடின்றி இப்போதே தண்டனைக்குரியவை; அவை அப்படியே இருக்கட்டும்.

மிரட்டலைத் தாமே முன்வந்து தெரிவிக்கும் வீரர்மீது, செயலி போன்ற சிறு மீறலுக்காக நடவடிக்கை எடுப்பதில்லை என்ற உறுதியும் வேண்டும். அந்தப் பயத்தால்தான் அவர் ஐந்து மாதம் பணம் கொடுத்தார். நான்கே ஆண்டுகள் பணியிலிருந்து, அதன் முடிவில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் மட்டுமே தொடரும் அக்னிபத் வீரர்களை நினைத்தால் என் கவலை கூடுகிறது. யார் தொடர்வது என்பதை மேலிருப்பவர்கள் தீர்மானிக்கும் அந்த நான்கு ஆண்டுகளில், இப்படியொரு மிரட்டலுக்கு ஆளாகும் இருபது வயதுப் பையன் எவரிடம் போய் வாய் திறப்பான்?

படை அவரை இழந்தது என்று நான் சொல்லும்போது கணக்கோடுதான் சொல்கிறேன். ஓர் ஆயுதப் பயிற்றுநரை உருவாக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. இன்னும் பல ஆண்டுகள் பணிபுரியக்கூடிய ஒருவர், முப்பத்து நான்கு வயதில், எவரும் வெளியே போ என்று சொல்லாமலே வெளியேறினார்.

இப்போதைய நிலை

வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கிறது. முடக்கப்பட்ட 20,000 ரூபாய் திரும்பக் கிடைத்தது, மீதி கிடைக்கவில்லை. தங்கையின் கணவர் இப்போது வீட்டுக்கு வந்து போகிறார், அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஓய்வூதிய ஆணை 2024 டிசம்பரில் வந்தபோது தாயார் என்னை அழைத்துச் சோறு போட்டார்.

அவருடைய பணிவிலகல் புத்தகத்தை அன்று பார்த்தேன். நடத்தை என்ற கட்டத்தில் ‘எடுத்துக்காட்டானது’ என்று பதிந்திருக்கிறார்கள். விலகக் காரணம் என்ற கட்டத்தில் ‘சொந்த வேண்டுகோள்’ என்று இருக்கிறது.